மூன்றாம் தட்டு

நாகலெட்சுமி வைரம் தீட்டுகிறாள் என்று சொன்னால் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாரும் முதலில் நம்புவதில்லை. வைரத்தில் வேலை செய்கிறவள் மழை பெய்தால் கூரைக்குக் கீழே நாலு இடத்தில் வாளி வைப்பாளா என்பது அவர்களுடைய கேள்வி. அதில் நியாயம் இருந்ததால் அவளும் விளக்கம் சொல்வதை விட்டு வருஷக் கணக்காகிறது. புதிதாகக் கல்யாணமாகி வரும் பெண்கள் மட்டும் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது அவள் விரல்களை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கைத் தவிர அங்கே எதுவும் இருக்காது.

அது நகைக்குப் போகிற வைரமும் இல்லை. ஹட்டனிலிருந்து டிக்கோயாவுக்குப் போகிற ரோட்டில், ஒரு பலசரக்குக் கடைக்குப் பின்னால், ஹலீம் முதலாளியின் பட்டறை இருக்கிறது. தகப்பன் காலத்து மாணிக்கக்கல் வியாபாரத்தை விட்டுவிட்டுப் பதினோரு வருஷத்துக்கு முன் அவர் வெட்டுமுனை செய்யத் தொடங்கினார். விரல் நீளத்துக்கு ஓர் இரும்புத் தண்டு. அதன் நுனியில் அரிசிக் குருணை அளவு வைரம். கண்ணுக்குள் வைக்கிற வில்லைகளைக் கடைகிற மெசினில் அதைப் பூட்டுவார்கள். வைரத்தின் விளிம்பு எவ்வளவு வழவழப்போ, வில்லையும் அவ்வளவு வழவழப்பாக வரும். விளிம்பில் ஒரு கீறல் இருந்தால் அது எங்கோ ஒரு முகம் தெரியாத மனிதரின் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று முதலாளி எல்லாரையும் பயமுறுத்தி வைத்திருந்தார்.

வேலை மூன்று தட்டுகளில் நடக்கும். தட்டு என்பது சுழலும் வார்ப்பிரும்பு வட்டு. அதன் முகத்தில் ஒலிவ் எண்ணெயில் குழைத்த வைரத்தூளைத் தேய்த்து ஊறவைத்திருப்பார்கள். வைரத்தைத் தேய்க்க அதன் தூளை விட்டால் வேறு கதி கிடையாது. முதல் தட்டில் கரடான தூள். அங்கே கல்லுக்கு வடிவம் வரும். இரண்டாவதில் நடுத்தரம். மூன்றாவதில் பவுடரை விட நுணுக்கமான தூள். பளபளப்பு வருவது அங்கேதான். முதல் இரண்டு தட்டும் வெளி அறையில் இருந்தன. மூன்றாம் தட்டு கண்ணாடிக் கதவு போட்ட உள்ளறையில் இருந்தது. அந்த அறை நாகலெட்சுமியுடையது.

வைரத்துக்கு எல்லாப் பக்கமும் ஒன்றல்ல. ஒரு திசையில் வைத்தால் சொன்னபடி கேட்கும், தட்டு மெல்ல முணுமுணுக்கும். கொஞ்சம் திருப்பி வைத்தால் பிடிவாதம் பிடிக்கும். தட்டு கீச்சென்று கத்தும், கல் தேயாமல் தட்டுத்தான் தேயும். எந்தத் திசை என்று சொல்ல அந்தப் பட்டறையில் கருவி ஒன்றும் இல்லை. நாகலெட்சுமி கல்லைப் பிடித்திருக்கும் இரும்புக் கையின்மேல் இரண்டு விரலை வைப்பாள், காதைக் கொடுப்பாள், நூலளவு திருப்புவாள். சரியான திசை கிடைத்ததும் தண்டில் மையால் ஒரு புள்ளி வைப்பாள். "ஒங்கட வெரலுக்குத்தான் சம்பளம்" என்று ஹலீம் முதலாளி ஒரு தடவை சொன்னார். அவர் புகழ்ச்சியை அளந்து கொடுக்கிற ஆள். ஆகவே அந்த ஒரு வார்த்தையை அவள் நகை மாதிரிப் பத்திரமாக வைத்திருந்தாள்.

வெளி அறையில் முதல் தட்டு அழகம்மாவுடையது. அழகம்மா பக்கத்து லயம், நாகலெட்சுமியை விட மூன்று வயது இளையவள். காலை ஆறே முக்கால் பஸ்ஸில் இருவருக்கும் ஒரே சீட்டு. பஸ் ஏறினதிலிருந்து இறங்குகிறவரை அழகம்மாவின் வாய் ஓயாது. நாகலெட்சுமி 'ம்' போடுவாள். அழகம்மாவின் புருஷன் சின்னத்தம்பி தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற மலையில் சறுக்கி விழுந்து முதுகைக் கெடுத்துக்கொண்டவன். எழுந்து நடப்பான், பாரம் தூக்க மாட்டான். மகள் ரோஷினி அடுத்த வருஷம் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டும். குடும்பம் மொத்தமும் அழகம்மாவின் கையில் தொங்கியது.

"இந்த வேல மட்டும் இல்லேனா நானும் எங்கம்மா மாதிரி குவைத்துக்குத்தான் அக்கா போயிருக்கணும்" என்பாள். அவள் தாய் போனபோது அழகம்மாவுக்கு எட்டு வயது. ஒன்பது வருஷம் கழித்து ஒரு பெட்டியோடு வாசலில் வந்து நின்ற மனுஷியைப் பார்த்து, "யாரு வேணும் ஒங்களுக்கு?" என்று கேட்டவள் அவள். அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வாள், கடைசியில் சிரிப்பு நின்றுவிடும். "எம்மக என்னைய அப்பிடிக் கேக்கக் கூடாது. கூழக் குடிச்சாலும் இங்கதான்." நாகலெட்சுமி அதற்கும் 'ம்' போட்டிருக்கிறாள்.

பட்டறைக்கு ஒரு சட்டம் இருந்தது. முதல் தட்டுக்குச் சிவப்புத் துணி, இரண்டாவதுக்கு நீலம், மூன்றாவதுக்கு வெள்ளை. வெளி அறைத் துணி உள்ளே வரக்கூடாது. வெளி அறை ஏப்ரன்கூட வரக்கூடாது. கரடுத் தூளில் ஒரே ஒரு பொடி மூன்றாம் தட்டில் ஏறினால் போதும், அது இரும்பின் நுண்துளையில் போய்ப் பதிந்துகொண்டு வருகிற கல்லையெல்லாம் கீறும். முதலாளியின் அண்ணன் மகன் ஷிஹாம், கொழும்பில் இஞ்ஜினியரிங் படித்து வந்தவர், இதை மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருந்தார். அந்தச் சட்டத்தை அவரை விடக் கறாராகக் காத்தவள் நாகலெட்சுமி. ஒரு தடவை அழகம்மா ஏப்ரனோடு தேத்தண்ணி கொண்டு உள்ளே வந்ததற்காக அவளை அழவைத்தே விட்டாள்.

அப்படிப்பட்டவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

ஒக்டோபரில் ஆயுத பூசை வந்தது. ஹலீம் முதலாளி இதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவரில்லை. அன்று மதியத்தோடு மெசினை நிறுத்தச் சொல்லிவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பொரிகடலை வரும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். பட்டறையில் இருந்த ஆறு பேரில் பூசைக்குப் பொறுப்பு எப்போதும் நாகலெட்சுமிதான். அன்றைக்கு அவள் முழுகி, விரதமிருந்து வந்திருந்தாள்.

பூசைக்கு மெசின்களைத் துடைக்க வேண்டும். வேலைத் துணிகள் எல்லாம் எண்ணெயும் கரியுமாகக் கிடந்தன. அந்த அழுக்கை எடுத்துச் சாமி காரியத்துக்குத் துடைப்பதா? அவள் ஹட்டனில் புதுத் துணி வாங்கி, மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயப்போட்டு, மடித்துக் கொண்டுவந்திருந்தாள். அந்த மஞ்சள் துணியால் வாசல் பக்கமிருந்து தொடங்கினாள். அழகம்மாவின் தட்டைத் துடைத்தாள். இரண்டாம் தட்டைத் துடைத்தாள். கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போய், தன் தட்டின் முகத்தை மற்ற எல்லாவற்றையும் விட அன்பாக, நடுவிலிருந்து விளிம்புவரை, இரண்டு தரம் துடைத்தாள். மூடியில் சந்தனம், குங்குமம் வைத்தாள். அழகம்மா கற்பூரத் தட்டோடு கதவுக்கு வெளியே நின்றாள்.

"உள்ள வா புள்ள, காட்டு."

"ஐயோ, நான் ஏப்ரன் மாத்தல. உள்ள வந்தா நீங்க சாமியாடிருவீங்க" என்று சிரித்தாள் அழகம்மா. அங்கே நின்றபடியே கற்பூரம் காட்டினாள்.

அந்தத் துணி நாகலெட்சுமிக்கு உலகத்திலேயே சுத்தமான துணி. அதில் தூள் ஏறியிருக்கும் என்ற எண்ணம் அவள் மனசின் ஓரத்தில்கூட வரவில்லை. கோயில் படியில் கால் வைக்கிறவளுக்குச் சேறு நினைவு வருமா? பூசை முடிந்ததும் துணியை அலசி, ஓடையில் விட்டுவிட்டாள். துணியோடு அதன் நினைவும் போயிற்று.

மறுநாளிலிருந்து பன்னிரண்டு வெட்டுமுனைகள் செய்தார்கள். ஜெர்மனியில் ஒரு புதுக் கம்பெனிக்குப் பரீட்சார்த்தமாக அனுப்புகிறவை. தேறினால் மூன்று வருஷத்துக்கு வேலை கிடைக்கும். பட்டறையின் மைக்ரோஸ்கோப்பில் இருநூறு மடங்கு பெருக்கிப் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. பழைய வாடிக்கைக்காரர்கள் அதற்கு மேல் பார்ப்பதுமில்லை. ஜெர்மன்காரன் ஆயிரம் மடங்கில் பார்த்தான். நவம்பரில் பன்னிரண்டும் படங்களோடு திரும்பி வந்தன.

படத்தில் வைரத்தின் முகம் முழுக்க மெல்லிய கோடுகள். விளிம்பில் எலி கடித்த மாதிரிச் சின்னப் பொக்கைகள். திருத்தி அனுப்ப ஜனவரி முடியும்வரை தவணை கொடுத்திருந்தான். எட்டுத் தேறினாலும் போதும் என்றும் எழுதியிருந்தான். ஆனால் தேய்க்கத் தேய்க்கக் கல் குறையும். ஒவ்வொரு கல்லிலும் இன்னும் ஒரே ஒரு முறை தீட்டத்தான் இடம் இருந்தது.

ஹலீம் முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். ஷிஹாம் படத்தைக் காட்டி விளக்கினார். "மொதல் தட்டுல அழுத்தி வெச்சா கல்லுக்குள்ள மயிரளவுல வெடிப்பு விழும். மேல எவ்வளவு மினுக்கினாலும் அது மறையாது. இது அதுதான்."

முதலாளி நாகலெட்சுமியைப் பார்த்தார். "ஒங்கட தட்டுல ஏதாச்சும்?"

"என் தட்டுல நான் ஒரு தூசு விழ விடமாட்டேங்க, மொதலாளி" என்றாள் நாகலெட்சுமி. அவள் பொய் சொல்லவில்லை. ரோசத்தோடு சொன்னாள், தலையை நிமிர்த்திச் சொன்னாள்.

அழகம்மா அப்போது அவள் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பயத்தில் பார்க்கிறாள் என்று நாகலெட்சுமி நினைத்துக்கொண்டாள். பிறகு அழகம்மா, "நான் அப்பிடி அழுத்தலங்க" என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். பஸ்ஸில் அத்தனை பேசுகிறவள் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார்கள். முதல் தட்டை ஷிஹாமே எடுத்துக்கொண்டார்.

அழகம்மா தோட்டத்தில் போய் நின்றால், பேர் பதிந்து எடுக்க ஆள் தேவையில்லை, நாள் கூலிக்கு வேண்டுமானால் கொழுந்தெடுக்க வா என்றார் ஆள் எடுக்கிற கண்டாக்கு. அதுவும் வாரத்தில் இரண்டு நாள்தான். ஒரு மாதம் பார்த்தாள். டிசம்பரில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஹட்டன் ஏஜென்சியில் பெயர் கொடுத்தாள்.

தைப்பொங்கல் கழித்து நாகலெட்சுமி அழகம்மாவின் லயத்துக்குப் போனாள். அழகம்மா ஒரு சின்னப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அரபு வார்த்தை பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள். தண்ணிக்கு 'மோயா', ரொட்டிக்கு 'ஹுப்ஸ்'. ரோஷினி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"நாலு நாளா எங்கூடப் பேச மாட்டேங்குது" என்றாள் அழகம்மா. "வர்ற வியாழக்கெழம காலையில கொழும்புக்குப் போறோம். வெள்ளிக்கெழம பிளைட்டு."

"ரெண்டு வருசம் பறந்துரும் புள்ள" என்றாள் நாகலெட்சுமி. சொன்ன வார்த்தை அவளுக்கே பிடிக்கவில்லை.

அழகம்மா புத்தகத்தை மூடினாள். "அக்கா, ஒங்களுக்கு ஒண்ணுமே தோணலியா? அந்தப் பன்னெண்டும் ஏன் அப்பிடி ஆச்சுன்னு?"

"என்னத்தச் சொல்ல, நம்ம தலையெழுத்து."

"ம்" என்றாள் அழகம்மா. இத்தனை வருஷத்தில் அவள் 'ம்' போட்டது அன்றைக்குத்தான்.

அதற்குள் ஷிஹாம் பன்னிரண்டு கல்லையும் முதல் தட்டில் மெல்ல மெல்ல இறக்கி, வெடிப்பு என்று அவர் நினைத்ததையெல்லாம் எடுத்துவிட்டு உள்ளறைக்கு அனுப்பினார். திங்கட்கிழமை நாகலெட்சுமி தீட்டத் தொடங்கினாள். செவ்வாய் மதியத்துக்குள் நாலு முடிந்தன. அன்றுதான் கொழும்பிலிருந்து ஆயிரம் மடங்கு மைக்ரோஸ்கோப் இரவலாக வந்து சேர்ந்தது. முதலாளியும் ஷிஹாமும் அதைப் பொருத்திவைத்துவிட்டு ளுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனார்கள். நாகலெட்சுமி முதல் கல்லைக் கீழே வைத்துக் கண்ணைக் கொடுத்தாள்.

கோடுகள் இருந்தன.

நாலு கல்லிலும் இருந்தன. பழைய படங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வெடிப்பு என்றால் அதன் இஷ்டத்துக்கு அங்குமிங்கும் ஓட வேண்டும். இவை அப்படி ஓடவில்லை. எல்லாக் கோடும் ஒரே பக்கமாக, வரிசையாக, தட்டுச் சுழலுகிற பக்கமாக ஓடின. இப்போது முதல் தட்டில் இருந்தது அழகம்மா இல்லை, ஷிஹாம். இரண்டு தடவைக்கும் பொதுவாக இருந்தது மூன்றாம் தட்டு மட்டும்தான். திசை பார்ப்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தை. நவம்பரிலேயே அந்தப் படத்தில் அவள் திசையைப் பார்த்திருக்க வேண்டும். தன் தட்டை யாரும் சந்தேகிக்கக் கூடாது என்ற வீம்பில் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

மெசினை நிறுத்தித் தட்டின் மேல் லென்ஸைப் பிடித்தாள். தட்டின் நடுவில் இறுக்கிய நட்டுக்கு அடியில் என்னவோ சிக்கியிருந்தது. ஊசியால் கிளறி எடுத்தாள். அரை அங்குல நூல். எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தாலும் உள்பக்கம் மஞ்சள் தெரிந்தது.

அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வாசலிலிருந்து உள்ளேவரை தான் துடைத்துக்கொண்டு வந்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கதவுக்கு வெளியே கற்பூரத்தோடு நின்ற அழகம்மா தெரிந்தாள். சட்டத்தைக் காத்தவள் வெளியே நின்றாள், சட்டம் பேசினவள் தூளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நவம்பரில் இது தெரிந்திருந்தால் தட்டின் முகத்தை அரைத்தெடுத்துப் புதுத் தூள் ஏற்றியிருக்கலாம். அரை நாள் வேலை. அரை நாள் வேலைக்கு ஒரு பொம்பளை கடல் தாண்டிப் போகிறாள்.

முதலாளி வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தாள். அவர் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டபோது அவள் கை அந்த நூலை ஏப்ரன் பைக்குள் போட்டது.

என்ன பயம் என்று கேட்டால் அவளால் அழகாகச் சொல்ல முடியாது. பதினோரு வருஷமாக அவள் மலைக்குப் போகவில்லை. காலில் அட்டை ஏறியதில்லை, வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் ஈரச் சாக்கைக் கட்டிக்கொண்டு நின்றதில்லை. உள்ளறைக் கதவு அடைபட்டால் தானும் கண்டாக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். அது ஒன்று. இன்னொன்று, அந்த வார்த்தை. ஒங்கட வெரலுக்குத்தான் சம்பளம். அதை அவர் திரும்ப எடுத்துக்கொண்டால் தன்னிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று நினைத்தாள். முதலில் இந்த எட்டுக் கல்லையும் காப்பாற்றிக் கொடுத்துவிடுவோம், கையில் எட்டு நல்ல கல்லோடு சொன்னால் கோபம் பாதியாகிவிடும், நாளைக்குத்தானே முடியப் போகிறது, அழகம்மா போவது வியாழன்தானே. மனசு இப்படியெல்லாம் நியாயம் கட்டித் தருகிறபோது அதை மறுக்க யாருக்குத் தைரியம் வருகிறது?

"நாலுலயும் கோடு இருக்குங்க சேர்" என்றாள் ஷிஹாமிடம். "எதுக்கும் என் தட்டையும் ஒருக்கா அரைச்சுப் புதுசாக்கிப் பாப்போமா?"

ஷிஹாம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத் தலையில் கை வைத்தார். "அந்தப் பொம்பள எவ்வளவு ஆழத்துக்குக் கெடுத்து வெச்சீக்கி பாருங்க. இவ்வளவு எடுத்தும் போகல்ல. சரி, தட்டையும் அரைங்க. நான் மிச்சம் எட்டையும் இன்னும் ஒரு நூல் எறக்கித் தாறன்."

நாகலெட்சுமி தட்டைக் கழற்றப் போனாள். அந்த இடத்தில்தான் அவள் பொய் சொன்னாள், வாயைத் திறக்காமலேயே சொன்னாள்.

தட்டின் முகத்தைச் சாணைக் கல்லால் அரைத்தெடுத்தாள். எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும் சாராவியில் மூன்று தரம் கழுவினாள். புதுத் தூளை ஒலிவ் எண்ணெயில் குழைத்து விரலாலேயே ஏற்றினாள். கழிவுக் கல் ஒன்றை அழுத்தி ஓடவிட்டுத் தூளை இரும்புக்குள் பதித்தாள். புதன்கிழமை காலையிலிருந்து எட்டுக் கல்லையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். அப்படி ஒரு வேலையை அவள் ஜென்மத்தில் செய்ததில்லை. தட்டு ஒரு தரம்கூடக் கத்தவில்லை. பிற்பகல் மூன்றரைக்கு எட்டும் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே போயின. ஆயிரம் மடங்கில் தேடியும் ஒரு கோடு இல்லை. தண்ணீர் தேங்கி நின்ற மாதிரி இருந்தது.

ஹலீம் முதலாளி தானே குனிந்து எட்டையும் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். கடையிலிருந்து பேட்டிஸும் சோடாவும் வாங்கி வரச்செய்து எல்லாருக்கும் கொடுத்தார். நாகலெட்சுமிக்கு அவரே எடுத்துக் கையில் கொடுத்தார். "நாலு கல்லு அவட கையால போச்சு. எட்டுக் கல்லு ஒங்கட கையால பொழச்சிச்சு" என்றார்.

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவள் பேட்டிஸைக் கடித்தாள். சோடாவைக் குடித்து இறக்கினாள். அன்று பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு காலியாக வந்தது.

வியாழக்கிழமை அவள் விடியுமுன்பே எழுந்தாள். முதல் பஸ்ஸில் போய்ப் பட்டறை திறக்கிறவரை வாசலில் நின்றாள். ஹலீம் முதலாளி வந்து பூட்டைத் திறக்கும் முன்பே நூலை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள். பூசை, மஞ்சள் துணி, வாசலிலிருந்து உள்ளேவரை துடைத்தது, கோடுகளின் திசை. மூச்சு விடாமல் சொன்னாள்.

முதலாளி நூலைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. "நேத்தே ஜெர்மனிக்கு மெயில் போயிட்டு" என்றார் மெதுவாக. "பிழ விட்ட ஆள நிப்பாட்டிட்டம், இனி இப்பிடி வராதுன்னு எழுதீக்கி. இப்ப அந்த ஆள் இல்ல, எங்கட பூசையில வந்த பிழன்னு எழுதினா அவன் நம்மள என்னண்டு நெனப்பான்?"

"அழகம்மாவ மட்டும் திரும்ப எடுத்துக்குங்க மொதலாளி. நான் நின்னுக்குறேன்."

"நீங்க நின்னா தட்டுல யாரு ஈக்கிற?" என்றார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "ஒரு ஆறு மாசம் போகட்டும். அவ திரும்பி வந்தா பாப்பம். இத ஷிஹாமுக்கும் சொல்ல வேணாம்." பூட்டைத் திறந்து உள்ளே போய்விட்டார்.

நாகலெட்சுமி ஹட்டனுக்கு ஓடினாள். ஓட்டோ ஒன்றை மறித்து ஏறினாள். பஸ் ஸ்டாண்டில் கொழும்பு பஸ் புறப்பட நின்றது. அழகம்மா புதுச் சல்வாரில், ஏஜென்சிக்காரன் கொடுத்த நீலப் பையோடு, படிக்குப் பக்கத்தில் நின்றாள். சின்னத்தம்பி மெதுவாகக் குனிந்து பெட்டியை அடியில் தள்ளிக்கொண்டிருந்தான். ரோஷினி வரவில்லை.

"போகாத புள்ள" என்றாள் நாகலெட்சுமி. "நான்தான். அன்னிக்குப் பூசையில மஞ்சத் துணியால ஒன் தட்டத் தொடச்சிட்டு அதாலயே என் தட்டையும் தொடச்சேன். நீ ஒண்ணும் பண்ணல. எல்லாம் நான்தான்."

அழகம்மாவின் முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் தெரியவில்லை. "தெரியும்கா" என்றாள். "படத்தப் பாத்தன்னிக்கே எனக்கு வெளங்கிருச்சு. கதவுக்கிட்ட நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"அப்ப ஏன்டி சொல்லல?"

"நான் சொன்னா, தப்பிக்கிறதுக்கு ஒங்க தலையில போடுறேம்பாங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க. அதான் ஒங்க மொகத்தையே பாத்தேன். சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"சாமி சத்தியமா அன்னிக்கு எனக்குத் தெரியாது அழகம்மா. எனக்கு அது நெனப்புலயே இல்ல. ஏமாத்தணும்னு பண்ணல." நாகலெட்சுமி அழுதாள். ஸ்டாண்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அழகம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழுவாதீங்க. நான் நம்புறேன். நீங்க அப்பிடிப்பட்ட ஆளு இல்லேன்னு எனக்குத் தெரியாதா?" முந்தானை இல்லாததால் சல்வார் ஷோலால் அவள் கண்ணைத் துடைத்தும் விட்டாள். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள். "எப்பக்கா தெரிஞ்சிச்சு?"

நாகலெட்சுமி பஸ்ஸைப் பார்த்தாள். பொய் சொல்லலாம். இன்றைக்குக் காலையில் என்று சொன்னால் அழகம்மா நம்புவாள், நிம்மதியாக ஏறிப் போவாள்.

"செவ்வாக்கெழம" என்றாள்.

அழகம்மா பிடித்திருந்த கையை விடவில்லை. ஆனால் பிடி தளர்ந்தது நாகலெட்சுமியின் விரலுக்குத் தெரிந்தது.

"நேத்து நாலு மணிக்குத்தான் அக்கா ஏஜென்சில ஒப்பந்தத்துல கையெழுத்து வெச்சேன்" என்றாள் அழகம்மா. "அதுவரைக்கும் போக மாட்டேன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பாங்க. வெளிய பெஞ்சுல அரை மணித்தியாலம் உக்காந்து பாத்தேன். போனு மடியிலதான் இருந்துச்சு."

நேற்று நாலு மணிக்குக் கையில் இருந்த பேட்டிஸ் நாகலெட்சுமிக்கு நினைவு வந்தது.

கண்டக்டர் கதவைத் தட்டி, "கொலம்ப, கொலம்ப" என்று கத்தினான். சின்னத்தம்பி மனைவியிடம் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தான். அழகம்மா ஏறி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் உட்கார்ந்தாள். பஸ் அசையத் தொடங்கியபோது அழகம்மா ஜன்னலைத் தள்ளித் தலையை வெளியே நீட்டினாள்.

"ரோஷினிய அப்பப்ப போய்ப் பாத்துக்குங்க அக்கா. ஒங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?"

நாகலெட்சுமி சரியென்று தலையாட்டினாள். பஸ் வளைவில் திரும்பி மறைந்த பிறகும் அவள் ஆட்டிக்கொண்டே நின்றாள். சின்னத்தம்பி அவள் பக்கம் வந்து, "வேலைக்கு நேரமாச்சுல்ல தங்கச்சி, நீங்க போங்க" என்றான். அவள் டிக்கோயா பஸ்ஸில் ஏறினாள்.